பின்சுவர் இல்லாத வீடு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்த அங்கயற்கண்ணி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய சீடர் மகுடபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. வக்கீல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பேச்சிலிருந்து இன்னும் பெறவில்லை.

ஆமைத்தீவு மக்கள் ஆதரவுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரும் நல்லவர்கள். கடற்படைத் தளம் கட்டுவதற்காகத் தீவைக் காலி செய்து, அங்கிருந்தவர்களை இந்தக் கரையில் கொண்டுவந்து இறக்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது தளத்தை மூடிவிட்டார்கள். தீவுக்காரர்களைத் திரும்பப் போகவிடலாமா என்று கேட்டு முடிவு செய்ய, மறுநாள் காலை விசாரணைக் குழு வருகிறது.

அன்று மாலை மகுடபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி. இந்த ஜனங்கள அழவைக்கிறது எப்படி?”

“எதுக்கு அழணும்?”

“ஒத்திகை பாத்தோம். எல்லாருக்கும் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. அவங்க சார்பா செசிலி பேசணும். எழுந்து ரெண்டு வார்த்தை சொன்னா, மொத்தக் கூட்டமும் சிரிக்குது. நாளைக்கும் இப்படிச் சிரிச்சா, ‘இங்கயே சந்தோஷமா இருக்காங்க’ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

பயம் நியாயமானதுதான். இந்த மக்களுக்காக அவர் அலைந்து தேய்த்த செருப்புகள் கொஞ்சமில்லை.

“அப்படி என்ன சொன்னா?”

“தீவ விட்டுக் கிளம்பின அன்னைக்கு அவ மாமியாரு, வீட்டப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாளாம். படகு பாதி தூரம் வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சாம், அந்த வீட்டுக்குப் பின்சுவரே கிடையாதுன்னு.”

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மகுடபதிக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது என்பதால் தாடியைச் சொறிந்துகொண்டார்.

“அப்புறம்?” என்றார் அம்மா.

“அப்புறம் என்ன?”

“அதுக்கு மேல என்ன சொன்னா?”

“சொல்லவிடல. உக்காரச் சொல்லிட்டு, நான் எழுதினதக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்.”

“செசிலியக் கூட்டிட்டு வாங்க.”

செசிலி வந்தாள். வந்ததும் பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினாள்.

“வக்கீலய்யா எழுதிக் குடுத்தது எப்படி இருக்கு செசிலி?”

“நல்லாத்தான் இருக்கு அம்மா. ஆனா அதுல எங்க மாமியாரக் காணுமே.”

“அவங்க கதைய நீ சொல்லு.”

“வீட்டுக்குப் பின்னாடி கடல்தான். வலைய நேரா உள்ள இழுத்துப் போடணும், குறுக்க எதுவும் நிக்கக் கூடாதுன்னு எங்க தீவுல யாரும் பின்சுவர் வைக்கிறதில்ல. இதுல முன்கதவுக்குப் பூட்டு வேற.” செசிலி சிரித்தாள். மகுடபதியின் மீசையும் கொஞ்சம் அசைந்தது.

“அப்புறம்?”

“இங்க வந்தப்புறம், காத்து பலமா அடிச்சாப் போதும், கெழவி எழுந்து உக்காந்துக்கும். ‘தண்ணி உள்ள வந்திருக்கும்டி, வா, போய்ப் பெருக்கி விட்டுட்டு வந்துருவோம்’னு கூப்பிடும். என்னமோ பக்கத்துத் தெரு மாதிரி. நாங்க சிரிப்போம். ‘விடியட்டும் மாமி, போவோம்’னு சொல்வேன். ஒவ்வொரு காத்துக்கும் அதையேதான் சொன்னேன். ஒருநா விடிஞ்சுது, கெழவி எழுந்திருக்கல.”

கீரை ஆயும் கை நிற்கவில்லை.

“இப்பக் காத்தடிச்சா நான் எழுந்து உக்காந்துக்குறேன் சார். என் மக சிரிக்கிறா.”

சொல்லிவிட்டுச் செசிலியும் சிரித்தாள். மகுடபதியால் முடியவில்லை. துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

அவள் போனதும் மகுடபதி கீரைக் காம்புகளைப் பொறுக்கிச் சேர்த்தார். பிறகு கேட்டார்.

“நாளைக்கு அவ பேசுறப்ப நான் எங்கம்மா நிக்கட்டும்?”

“அந்த வீட்டுல பின்சுவர் எங்க நின்னுச்சு?”

“பின்சுவரே கிடையாதே.”

“அங்க போய் நில்லுங்க, வக்கீலய்யா.”