தலைப்பாகைக்கு ஒரு தலைவாழை இலை

முன்னொரு காலத்தில் மருதங்குடி நாட்டை வீரகேது மன்னர் ஆண்டு வந்தார். அவருடைய தலைமை அமைச்சர் ஸ்ரீமான் பொன்னம்பலவாணர் அவர்கள். வயது அறுபத்து மூன்று ஆண்டு, நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தை எவரேனும் விட்டுவிட்டுச் சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

மன்னரோ காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் வேறொன்று சொல்வார். அவருடைய காதைக் கடிப்பதே தொழிலாக இருந்தவர் அரண்மனை அதிகாரி மகுடேசுவரர். அமைச்சரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் அவையில் எழுந்தார்.

"பிரபு! அலுவல் மண்டபம் முழுவதும் உட்கார்ந்து எழுதும் பலகைகள் நாற்பது நெருக்கியடித்துக் கிடக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பத்து எழுத்தர்களுக்கு உட்கார இடமில்லை. பக்கத்துக் கூடைக்காரர் தெருவை இடித்து மண்டபத்தை நீட்டினால் தீர்ந்தது!"

"இடித்துவிடும்!" என்றார் மன்னர்.

அமைச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கே பதினெட்டு வீடுகள் இருக்கின்றன, பிரபு!"

"அப்படியானால் மூன்று நாளில் நீர் இடம் காட்டும். இல்லையேல் முதல் கடப்பாரையை நீரே போட வேண்டும்."

அரண்மனை வாசலில் கூடை முடையும் பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சாமி, எங்க வீட்டைப் பிரிக்கப் போறீங்களாமே? மூங்கிலை ஊறப் போட்டிருக்கேன். எடுத்துறட்டுமா, கெடக்கட்டுமா?"

"கிடக்கட்டும், அம்மா" என்றார் அமைச்சர்.

நேரே மண்டபத்துக்குப் போனார். பலகைகள் நாற்பது, ஆட்கள் இருபத்தொருவர். மற்றவர்கள் ஏரி பார்க்கவும் எல்லை அளக்கவும் வெளியூர் போயிருந்தார்கள். அவர்களுடைய பலகைகளில் தூசி படிந்திருந்தது. மகுடேசுவரருக்கு மட்டும் இரண்டு பலகைகள்: ஒன்றில் அவர், மற்றொன்றில் அவருடைய சரிகைத் தலைப்பாகை.

"வெளியூர் போனவர் பலகையில் புதியவர் உட்கார்ந்தால் என்ன?" என்று அமைச்சர் கேட்டார்.

"அதெப்படி? அவரவர் பலகை அவரவருக்கு! அதுவன்றோ மரியாதை!" என்றார் மகுடேசுவரர்.

அமைச்சர் புன்னகை செய்தார்.

மூன்றாம் நாள் நண்பகல், மன்னருக்கும் அலுவலர்க்கும் தம் வீட்டில் விருந்து வைத்தார். விருந்தை எண்ணி மன்னர் காலைச் சிற்றுண்டியைக்கூடத் தொடாமல் வந்தார். கூடத்தில் நாற்பது இலைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெயர்ச்சீட்டு. இருபத்தொருவர் உண்டுகொண்டிருந்தனர்.

"எம் இலை எங்கே?"

"இடமில்லை, பிரபு. கூடம் நிறைந்துவிட்டது."

"இத்தனை இலைகள் காலியாகக் கிடக்கின்றனவே!"

"அவை வெளியூர் போனவர்களுடையவை. அவரவர் இலை அவரவருக்கு என்பது மகுடேசுவரர் வகுத்த மரியாதை."

மன்னரின் பார்வை ஓரிடத்தில் நின்றது. உண்ணும்முன் மகுடேசுவரர் கழற்றிய தலைப்பாகை ஒரு மணையில் கம்பீரமாக வீற்றிருந்தது. அதன் முன்னே சோறு, பருப்பு, நெய், அப்பளம்.

"அதென்ன கூத்து?"

"அது தலைப்பாகையின் இலை, பிரபு. இரண்டாம் முறை பாயசம் கேட்கிறது."

மன்னரின் மீசை துடித்தது. அமைச்சர் மேலும் பணிந்தார்.

"பக்கத்து வீட்டை இடித்தால் தங்களுக்கும் ஓர் இலை போட்டுவிடலாம்."

அடுத்த கணம் மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பந்தி பந்தியாக உட்கார்ந்து எழுந்தால் ஊரே உண்ணலாமே, ஐயா!"

"அலுவலுக்கும் அதுவே போதும், பிரபு. வந்தவர் உட்காரட்டும். போகிறவர் தம் ஓலைகளைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டுப் போகட்டும்."

மன்னர் மகுடேசுவரரிடம் திரும்பினார். "உமக்கு நாம் அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டோம்! எழுந்து பரிமாறும்!"

தலைப்பாகையைத் தூக்கி அதன் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அந்த மணையிலேயே அமர்ந்தார். வாசலில் காத்திருந்த புதிய எழுத்தர்கள் பத்துப் பேரும் காலி இலைகளில் உட்கார்ந்தார்கள். மகுடேசுவரர் தலைப்பாகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயசம் ஊற்றினார்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "மாலையைவிட ஓர் ஓலை போதும், பிரபு" என்றார் அமைச்சர்.

கூடைக்காரர் தெருவை எவரும் தீண்டலாகாது என்று மன்னர் கைச்சாத்திட்ட அந்த ஓலை, பங்குனி மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை, இரண்டாம் பந்தி எழுந்த வேளையில், தெருமுனையில் உரக்க வாசிக்கப்பட்டது.