இருபத்தேழாம் நம்பர் வீடு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஊரு. அங்க பாதி ஆம்பளைங்க ஆழ்துளைக் கெணறு போடற ரிக் வண்டியோட வடக்க போயிருவாங்க. போனா எட்டு மாசம், பத்து மாசம் ஆகும். அந்த ஊர்ச் சனங்களுக்கு உடம்பும் மனசும் எப்படியிருக்குன்னு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. அதுக்கு மேற்பார்வை நர்சு மரகதம் சிஸ்டர். வயசு முப்பத்தாறு.

வீடு வீடாப் போயி கேட்டு நோட்டுல எழுதறது நாச்சிமுத்து. வயசு அம்பத்திரண்டு. வேலை செஞ்ச மில்லு மூடிட்டதால இதுக்கு வந்தவரு. வயசுல மூத்தவரு அவரு, வேலையில குரு சிஸ்டரு. ரெண்டு பேருக்கும் அதுல கூச்சமில்ல.

கடைசி நாள் மத்தியானம் நாச்சிமுத்து நோட்டைக் கொண்டுவந்து சிஸ்டர் மேசையில வெச்சாரு.

"அறுபது ஊடுங் சிஸ்டர். அம்பத்தொம்பது முடிஞ்சுது. ஒண்ணுல மட்டும் ஆளில்ல."

"அஞ்சு மணி பஸ்ஸுல நோட்டு போகணும்ங்ண்ணா. இதுல விட்டுப்போன ஊட்டுக்கு இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆளு வரும்."

"மூணு தடவை போயிட்டேனுங். மூணு தடவையும் ஆளில்லைன்னா, 'ஊட்ல ஆளிருக்கா'ங்கற மொதக் கேள்விக்கு நேரா 'ஆளில்லை'ன்னு எழுதிட்டு அடுத்த ஊட்டுக்குப் போலாம்னு நீங்கதானுங் சொன்னீங்க."

"சொன்னேன்."

டீ வந்துச்சு. நாச்சிமுத்து ஒரு வாய் குடிச்சாரு.

"ஒரு சந்தேகமுங் சிஸ்டர்."

"கேளுங்ண்ணா."

"பிரஷருக்கு மெஷின் இருக்குது. சக்கரைக்கு மெஷின் இருக்குது. மனசுக்கு என்னங் மெஷினு? பதினாலாவது கேள்வி, 'மனசு விட்டுப் பேச உங்களுக்கு ஆளிருக்கா'ன்னு கேட்டேன். அம்பத்தொம்பது ஊட்லயும் இருக்குன்னுட்டாங்க. ஒரு ஊட்ல மாமியாளும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் கையக் காட்டறாங்க. அன்னைக்குக் காலைலதான் ரெண்டு பேரும் தெருவுல நின்னு சண்டை கட்டுனாங்க. நானே வெலக்கி உட்டேன்."

சிஸ்டர் நோட்டைப் புரட்டிட்டே இருந்தாங்க. ஒரு பக்கத்துல கை நின்னுச்சு.

"இருபத்தேழாம் நம்பரு. ஊடு பூட்டியிருந்துச்சா?"

"இல்லீங். தொறந்துதான் இருந்துச்சு."

"ஆளில்லைன்னு ஆரு சொன்னது?"

"அந்தப் புள்ளைதானுங். கதவுகிட்ட வந்து நின்னு, 'ஊட்ல ஆருமில்லீங்'னு சொல்லுச்சு."

சொல்லி முடிச்சதுக்கப்புறம்தான் அவரு சொன்னது அவரு காதுல விழுந்துச்சு. டீ டம்ளரைக் கீழ வெச்சாரு.

"ஊட்டுக்காரரு ரிக் வண்டியில போயிட்டாருங். பொம்பளைங்க தனியா இருந்தா அப்பிடித்தானுங்களே சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரியே அப்பிடித்தான் சொல்லுவா. நான் ஒரு தடவை உள்ள படுத்திருக்கறப்பவே சொல்லியிருக்கறா."

சிஸ்டர் சிரிக்கல. "மூணு தடவையும் அதையேதான் சொல்லுச்சா?"

"அதையேதானுங். மொதத் தடவை சத்தமாச் சொல்லுச்சு. ரெண்டாந் தடவை மெதுவா. மூணாந் தடவை நான் வாயே தொறக்கலீங். அதுவாவே சொல்லுச்சு."

சிஸ்டர் பிரஷர் மெஷினை எடுத்துட்டு எந்திரிச்சாங்க.

"நோட்டுங் சிஸ்டர்?"

"எடுத்துக்குங்க. பேனாவ மட்டும் மூடி சட்டை ஜோப்புல வெச்சுக்குங்க."

இருபத்தேழாம் நம்பர் வீட்டுக் கதவு பாதி தொறந்திருந்துச்சு. உள்ளயிருந்து ஒரு பொண்ணு வந்து நின்னா. இருபத்தாறு, இருபத்தேழு வயசிருக்கும்.

"ஊட்ல ஆருமில்லீங்."

"பரவால்லம்மா. ஆருமில்லாத ஊட்ல குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

அவ கொஞ்ச நேரம் சிஸ்டரையே பாத்தா. அப்புறம் வழி விட்டா.

உள்ள அடுப்பு தொடைச்சு வெச்சிருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு அவ்வளவு சுத்தமான அடுப்பை நாச்சிமுத்து எந்த வீட்லயும் பாத்ததில்ல.

சிஸ்டர் தண்ணியக் குடிச்சிட்டு, "பேரென்னம்மா?"ன்னு கேட்டாங்க.

"பூங்கொடிங்."

"கைய நீட்டு, பூங்கொடி. பிரஷர் பாத்தர்லாம்."

கையில பட்டையச் சுத்திக் காத்தடிச்சாங்க.

"இறுக்குதா?"

"இறுக்குதுங்."

சிஸ்டர் காத்தைத் தொறக்கப் போனாங்க. பூங்கொடி இன்னொரு கையால அவங்க கையப் புடிச்சா.

"இருக்கட்டுங் சிஸ்டர். இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பட்டைய அப்பிடியே விட்டு வெக்க முடியாது. சிஸ்டர் காத்தைத் தொறந்துட்டு, பட்டையக் கழட்டிட்டு, அது இருந்த எடத்தைத் தன் கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. பிரஷர் எவ்வளவுன்னு பூங்கொடியும் கேக்கல, நாச்சிமுத்தும் கேக்கல.

பூங்கொடி அடுப்பைப் பாத்துட்டே பேசினா.

"ரெண்டு நாளாச் சோறு ஆக்கலீங். ஆக்கி ஆருக்குப் போடறது?"

"ம்."

"நாளைக்கு வந்திருந்தீங்கன்னா, நெசமாவே ஆளிருந்திருக்காதுங் சிஸ்டர்."

நாச்சிமுத்து தரையப் பாத்தாரு. சிஸ்டர் கைய எடுக்கல.

"அந்த நெனப்பு எத்தனை நாளா இருக்குது?"

"மூணு வாரமாங்."

நாச்சிமுத்து மொதத் தடவை அந்த வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆயிருந்துச்சு.

"சொன்னது நல்லதாப் போச்சு. இனி நீ தனியா இருக்க வேண்டாம். நான் இருக்கறேன். ஒரு வாய் சாப்புட்டுட்டு, ரெண்டு பேரும் டாக்டரம்மாகிட்டப் போலாம். உங்கூட்டுக்காரருகிட்ட நான் பேசறேன்." அப்புறம் திரும்பி, "நாச்சிமுத்தண்ணா, உங்க ஊட்ல சோறு இருக்குமுங்களா?"

அவரு ஓடினாரு. அம்பத்திரண்டு வயசுல தெருவுல ஓடினா ஊரே எட்டிப் பாக்கும். பாத்துச்சு. திரும்பி வரும்போது கையில ஈயத் தூக்குச்சட்டி, பின்னாடி அவரு வீட்டுக்காரி. அந்தம்மா பூங்கொடி பக்கத்துல உக்காந்து, சோத்துல ரசத்தை ஊத்திப் பெசைஞ்சு குடுத்தாங்க.

மணி நாலரை ஆச்சு. நாச்சிமுத்து வாசப்படியில நின்னு நோட்டைத் தொறந்தாரு. பேனாவ எடுத்தாரு. எழுதல. சிஸ்டரைக் கூப்பிட்டாரு.

"இங்க 'ஆளில்லை'ன்னு எழுதியிருக்கறேனுங் சிஸ்டர். அதை அடிச்சிரட்டுங்களா?"

சிஸ்டர் எட்டிப் பாத்தாங்க.

"அடிக்காதீங்ண்ணா. அந்தப் புள்ள மூணு தடவையும் சரியான பதிலத்தான் சொல்லியிருக்குது."

"அப்புறமுங்?"

"நீங்க அதை மொதக் கேள்விக்கு நேரா எழுதிட்டீங்க. பதினாலாவதுக்கு நேரா மாத்தி எழுதுங்க."