கல்லுக்கு ஒற்றடம்

கோணப்பாறை எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று கேட்டால், பக்கத்திலுள்ள இரண்டு தாலுகாக்காரர்களும் மற்ற தாலுகாவைக் கை காட்டுவார்கள். கோணப்பாறைக்காரர்களுக்கு அதில் வருத்தம் கிடையாது. இரண்டு தாலுகாவிலும் நம்மைப் பற்றிப் பேசுகிறார்களே என்று பெருமைதான்.

அந்த ஊரில் இளவட்டக்கல்லைத் தூக்கக்கூடியவன் சடைமாயன் ஒருவனே. பூசணிக்காய் மாதிரி உருண்டையாக, ஒன்றரை மூட்டை நெல் கனத்தில், சாவடி வாசலில் கிடக்கும் கல் அது. தை மூன்றாம் நாள் பக்கத்து ஊரான மடையூரின் பயில்வானும் சடைமாயனும் அதைத் தூக்கித் தோளில் ஏற்றி, முதுகுக்குப் பின்னால் கீழே போட வேண்டும். முதலில் போட்டவன் ஊருக்கு அந்த வருஷம் கண்மாய் மீன் முழுக்கச் சொந்தம். போட்டி முடிகிறவரை மீன் பழைய ஊரிடமே இருக்கும். நான்கு வருஷமாக மடையூர்க்காரர்கள் வெறும் புளிக்குழம்புதான் சாப்பிட்டு வந்தார்கள். சடைமாயனோ, அயிரைமீன் குழம்பு இல்லாத நாளை நாள் என்றே எண்ணுவதில்லை.

மார்கழி பத்தாம் தேதி விடியற்காலையில் சடைமாயன் போர்வையை உதறி எழுந்தான். வெடவெடக்கும் பனியில் நேராகச் சாவடிக்குப் போய், கை காலைக்கூட நீட்டி மடக்காமல் கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். இடுப்பில் ஒன்று பிடித்தது. என்ன பிடித்தது என்று பார்க்க இடப்பக்கம் திரும்பினான். கழுத்தும் பிடித்துக்கொண்டு, முகம் அப்படியே இடப்பக்கம் நின்றுவிட்டது.

ஊர்த்தலைவர் பூலாண்டி அவனைச் சந்தைப்பேட்டை வைத்தியரிடம் கூட்டிப் போகச் சொன்னார். ஆனால் சடைமாயன் முகம் போகிற பக்கமே நடந்ததால், சாவடியைத்தான் மூன்று முறை சுற்றி வந்தான். கடைசியில் மூக்கு சந்தைப்பேட்டையைப் பார்க்கும்படி அவன் உடம்பைத் திருப்பி நிறுத்தி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழியில் பின்னால் யாராவது கூப்பிட்டால் அவனுக்குப் பதிலாகத் திரும்பிப் பார்க்க அவன் மைத்துனன் வெயிலுமுத்துவை நியமித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் வெயிலுமுத்து பொறுப்பானவன்; வழி முழுக்கத் திரும்பிப் பார்த்தபடியே வந்து இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தான்.

வைத்தியர் நிதானமான மனிதர். பனிக்குளிர் படாமல் கம்பளி போர்த்த வேண்டும், மணலை வறுத்துத் துணியில் முடிந்து மூன்று வேளை ஒற்றடம் கொடுக்க வேண்டும், நொச்சி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாகத் தேய்க்க வேண்டும் என்றார். சமமான பலகையில் படுக்க வைக்க வேண்டும்; ஒரே பக்கமாகக் கிடக்க விடாமல் அரை மணிக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும்; எதையும் வெடுக்கென்று செய்யக் கூடாது. இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. கிளம்பும்போது இன்னும் ஒன்று சொன்னார்:

“வலிக்கிற இடத்தையே பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. வலி எதனால வந்துச்சோ, முதல்ல அதைக் கவனிங்க. அது சரியானா இது தானா சரியாயிடும்.”

ஊர் திரும்பியதும் சாவடியில் கூட்டம் கூடியது. வலி எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. கல்லால் வந்தது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பூலாண்டி அவசரப்படுகிறவர் அல்ல. எழுந்து போய் ஒரு கையைக் கல்லின்மேல் வைத்தார், மறு கையைச் சடைமாயன் முதுகில் வைத்தார். வெகு நேரம் அப்படியே நின்றார்.

“இவன் உடம்பு கதகதன்னு இருக்கு. கல்லு சில்லுனு இருக்கு,” என்றார். “இதுல குளிர் புடிச்சது யாருக்கு?”

கூட்டம் மொத்தமும் கல்லைத் திரும்பிப் பார்த்தது.

“மார்கழி பொறந்ததுலேருந்து பனியில வெறும் உடம்பா கிடந்தது யாரு?” என்றான் வெயிலுமுத்து. “ஒரு துண்டுகூட நாம போத்தலையே.”

“அப்ப நோயாளி நான் இல்லையா, மாமா?” என்று சடைமாயன் கேட்டான். பூலாண்டியைப் பார்த்துக் கேட்கத்தான் நினைத்தான். முகம் இருந்த பக்கத்தில் ஒரு வேப்பமரம்தான் இருந்தது.

“நீ நோய் இல்லப்பா. நோயோட விளைவு,” என்றார் பூலாண்டி.

சடைமாயனுக்கு அது ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

அன்றே வைத்தியம் தொடங்கியது. பலகைக்காகச் சடைமாயன் வீட்டுக் கதவைக் கழற்றி வந்தார்கள். அவனுடைய கம்பளியைக் கல்லுக்குப் போர்த்தினார்கள். மணல் வறுக்கச் சாவடியிலேயே அடுப்பு மூட்டினார்கள். கழுத்துக்கு எண்ணெய் தேய்க்கும் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. கல்லின் கழுத்து எது? மூன்று பேர் கல்லைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். உருண்டையான ஆசாமி என்பதால் கழுத்து உள்ளே அமுங்கியிருக்கலாம் என்றார் ஒருவர். தப்பிக்க இடம் கொடுக்காமல் உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று.

அரை மணிக்கு ஒரு தரம் புரட்டும் வேலை சடைமாயன் தலையில் விழுந்தது. அந்தக் கல்லை அசைக்க அவனைவிட்டால் வேறு யார்? நோயாளியை வெடுக்கென்று புரட்டக் கூடாது என்று பூலாண்டி காவல் நின்றார். ஆகவே அவன் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து விட்டு, தூங்குகிற குழந்தையைத் திருப்புகிற மாதிரி மெல்லப் புரட்டினான். மற்ற நேரமெல்லாம் அடுப்போரத்தில் உட்கார்ந்து மணல் வறுத்தான். கல்லுக்குப் போக மிஞ்சிய எண்ணெய் அவன் கையிலும் தோளிலும் வழிந்தது. கதவில்லாத வீட்டில் காற்று பாய்ந்ததால், சாவடிச் சூட்டிலேயே படுத்துத் தூங்கினான். தன் முதுகுக்கு முறை எப்போது வரும் என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வான். கல்லைப் பார்த்தால் கேட்க மனம் வராது.

மார்கழி முடிகிற சமயம். அவன் மனைவி ஒச்சம்மாள் கஞ்சிச் சட்டியோடு வலப்பக்கமாக வந்து நின்று கூப்பிட்டாள். சடைமாயன் திரும்பிப் பார்த்தான்.

“ஏங்க, கழுத்து திரும்புதே,” என்றாள்.

சடைமாயன் இடது, வலது, மேலே, கீழே எல்லாம் பார்த்தான். பிறகு எழுந்து ஓடிப்போய்க் கல்லைத் தொட்டான்.

“மாமா, கல்லுக்குக் குணமாகிட்டு வருது.”

“எங்க கதவு எப்ப வரும்?” என்று ஒச்சம்மாள் கேட்டாள். நோயாளியின் எதிரில் கதவைப் பற்றிப் பேசுகிறாளே என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

தை மூன்றாம் நாள் மடையூரே திரண்டு வந்தது. அவர்கள் பயில்வான் கொண்டல்சாமி மாட்டுவண்டியிலிருந்து இறங்கியபோது வண்டி ஒரு சாண் உயர்ந்தது. வெளியூர்க்காரனுக்குத்தான் முதல் வாய்ப்பு. அவன் கம்பளியை விலக்கினான். இருபத்து மூன்று நாள் எண்ணெய் குடித்த கல் கண்ணாடி போல மின்னியது.

கட்டிப் பிடித்தான், கல் விரால் மீனாக வழுக்கிப் பலகையில் உட்கார்ந்தது. மறுபடி பிடித்தான், மறுபடி உட்கார்ந்தது. மூன்றாம் முறை ஆத்திரத்தில் பல்லைக் கடித்து வெடுக்கென்று இழுத்தான். இடுப்பில் பிடித்தது. என்னவென்று பார்க்க வலப்பக்கம் திரும்பினான். அவன் முகம் அங்கேயே நின்றுவிட்டது.

சடைமாயன் கல்லை நெருங்கினான். பூலாண்டி குறுக்கே கை நீட்டினார்.

“வைத்தியர் வந்து பாக்காம நோயாளியைத் தூக்கக் கூடாது.”

தூக்காவிட்டால் மடையூர்க்காரன் நாளைக்கு வேறு ஆளோடு வருவான், அயிரை போய்விடும். சடைமாயன் கும்பிடாத குறையாகக் கெஞ்ச, பூலாண்டி மனமிரங்கிச் சோதனைக்கு இறங்கினார். ஒரு கை கல்லின்மேல், ஒரு கை கொண்டல்சாமி முதுகின்மேல். கல் வெயிலில் சுட்டது. கொண்டல்சாமி வேர்த்து விறைத்துக் கிடந்தான்.

“கல்லு கதகதன்னு இருக்கு. இவன் சில்லுனு இருக்கான்,” என்று அறிவித்தார். “நோய் கைமாறிடுச்சு. தூக்குப்பா.”

மூன்று வாரமாக அந்தக் கல்லைப் புரட்டிய கை அது. எங்கே பிடித்தால் வழுக்காது என்று விரலுக்கே தெரியும். சடைமாயன் கையில் கொஞ்சம் மணலைத் தேய்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, மெல்லத் தூக்கினான். கல் மார்புக்கு ஏறியது. தோளுக்கு ஏறியது. கோணப்பாறை கூத்தாடியது. இனிப் பின்னால் போட வேண்டியதுதான் பாக்கி.

சடைமாயன் போடவில்லை.

“போடுறா,” என்று ஊரே கத்தியது.

“எப்படி மாமா போடுறது?” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. “இப்பத்தான் எந்திரிச்சிருக்கு.”

ஊர் யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது. வெயிலுமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மடையூர்ப் பெரியவர்கள் கல் விழுகிறதா என்று உச்சி வெயில்வரை காத்திருந்தார்கள். விழவில்லை. சடைமாயன் அதைத் தோளிலேயே சுமந்து தன் வீட்டுக்குப் போனான். பின்னாலேயே நாலு பேர் கதவைத் தூக்கி வந்து தரையில் போட, அதன்மேல் கல்லைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டான்.

கல் விழாததால் போட்டி முடியவில்லை. போட்டி முடியாததால் மீன் கோணப்பாறையிடமே இருக்கிறது. சடைமாயன் தினமும் அயிரைக் குழம்பு சாப்பிடுகிறான், கதவில்லாத வீட்டில்.

கொண்டல்சாமியை அதே வைத்தியரிடம்தான் கொண்டுபோனார்கள். அவரும் கிளம்பும்போது அதே புத்திமதியைத்தான் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து மடையூர்க்காரர்கள் வறுத்த மணலும் நொச்சி எண்ணெயுமாகச் சடைமாயன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று வேளையும் ஒற்றடம் தவறுவதில்லை. கொண்டல்சாமி மட்டும் இன்னும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லை முகம் இடப்பக்கம் இருக்கும்படி படுக்க வைத்தால் அவன் கழுத்து திரும்பிவிடும். கல்லுக்கு முகம் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. இரண்டு ஊராரும் சேர்ந்து எண்ணெயைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது வெயிலுமுத்துவைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அது கண்ணைத் திறந்தால் அவன் சொல்வான்.