தாயின் பெயர்

தக்காணத்தில் ஒரு சுல்தான் இருந்தார். வாளால் பிடித்த நாட்டை ஆள வம்சமும் வேண்டுமே. அதற்கென்றே அரண்மனையில் மிர்ஸா தாஹிர் இருந்தார். வம்சாவளி எழுதுவதில் கெட்டிக்காரர்; இல்லாத கொள்ளுத்தாத்தாவைக்கூட இரண்டே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

சுல்தானுக்கு அவர் எழுதிய சுருள் பத்து முழ நீளம். அதில் தந்தை வழி முழுக்க பாதுஷாக்கள். தாய் என்ற இடத்தில் பாரசீக இளவரசி குல்ருக் பேகம். உண்மையில் சுல்தானைப் பெற்றவள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து விலைபோன ஹபஷிப் பெண். பழைய ஏட்டில் ‘ஓர் அடிமை’ என்று மட்டும் இருந்தது. அந்த வரியைத் தாஹிர் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் இளவரசியை எழுதினார்.

சுல்தான் நோயில் விழுந்தார். வடக்கிலிருந்து பெரிய பாதுஷாவின் தூதர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். வம்சம் சரியாக இருந்தால் சுல்தானுக்குப் பின் அவர் மகனான இளவரசருக்குப் பட்டம். இல்லையென்றால் பாதுஷாவின் படை ஆற்றைத் தாண்டும்.

சுல்தான் இறந்த அன்றே, மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. கபரின் தலைமாட்டில் ஷேக் யூனுஸ் உட்கார்ந்தார். தாஹிர் அவருடைய இருபது வருடச் சீடர். அடக்கியதும் இறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீனை ஓதும்போது அவரைத் தாயின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். தகப்பன் பெயர் அங்கே கணக்கில் இல்லை.

“இவருடைய தாயின் பெயர்?” என்று ஷேக் கேட்டார்.

எல்லோரும் தாஹிரைப் பார்த்தார்கள்.

தாஹிர் கபரைப் பார்த்தார். குல்ருக் பேகம், இரண்டே சொல். சொல்லிவிட்டால் பட்டமும் தன் தலையும் தப்பும். ஆனால் யாரோ ஒருத்தியின் மகனே என்று கூப்பிட்டால் மண்ணுக்குள் இருப்பவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்?

“பெயர் என்ன, மியான்?”

“தெரியாது, ஹஸ்ரத்.”

வஜீரின் முகம் வெளிறிப்போனது. இளவரசர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஷேக் ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தார். தாய் இன்னாரென்று தெரியாதவரை அழைக்க ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைத்தார்.

“ஹவ்வாவின் மகனே.”

தாஹிருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ மன்னர்களுக்கு வம்சம் எழுதிய மனிதர், மனிதகுலத்துக்கே முதல் தாயின் பெயரைக் கேட்டதும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்படியொரு பயமும் சந்தோஷமும் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. மூத்த தூதர் தலைப்பாகையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் தாஹிர் எழுந்திருக்கவில்லை.

“ஹஸ்ரத், சுருளில் இருப்பது பொய்.”

“தெரியும்.”

“தெரிந்துமா என்னைக் கேட்டீர்கள்?”

“கபரில் இருப்பவருக்காகக் கேட்டேன்.”

“நாளைக்குச் சபையில் தூதர்கள் கேட்பார்கள். மன்னர் எந்த வம்சம் என்று. நான் என்ன சொல்ல?”

ஷேக் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

“அவர்களையே கேளும், மியான். சொந்தக்காரர்களுக்குத் தெரியாதா?”