தின்னவேலி எழுந்திருக்கவில்லை

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தைந்து. சீடர் சிங்காரவேலு, முப்பத்து நாலு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து, பிள்ளைகளின் நாக்கைத் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் ஞானம் பெறலாம் என்று வந்தவர். குருவை எல்லோரும் அம்மை என்றார்கள். அம்மை அவரை வாத்தியாரே என்றாள்.

ஒரு பௌர்ணமியன்று காலையில் அவர் கேட்டார்.

"அம்மா, ஒரே ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சிதைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் யாரையும் திருத்துவதில்லை?"

"பந்தி முடியட்டும். சொல்றேன்" என்றாள் அம்மை.

பௌர்ணமிதோறும் அந்த ஆசிரமத்தில் சாப்பாடு உண்டு. சாதி கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. ஊர் மட்டும் கேட்பார்கள். வாசலில் ஒருவர் நின்று ஊர் ஊராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஊர்க்காரர்கள் எழுந்து, கால் கழுவி, உள்ளே வந்து உட்காருவார்கள். கூப்பிடுகிறவர் தன் ஊரைக் கடைசியில் கூப்பிட்டுத் தானும் உட்காருவார். கடைசி ஊரும் உட்காரும்வரை யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. அம்மை எல்லோருக்கும் பிறகு.

அன்று கூப்பிடும் வேலை முதல்முறையாக வாத்தியாருக்கு வந்தது. விடிந்ததிலிருந்து வாசலில் மேஜை போட்டு, வந்தவர்களின் ஊரை எழுதினார். எழுதினால் போதாதா? திருத்தினார்.

"எந்த ஊர்?"

"தின்னவேலி" என்றாள் பிரம்மசக்தி. முப்பது பேரை வேன் பிடித்துக் கூட்டி வந்தவள்.

"திருநெல்வேலி. சொல்லுங்கள்."

"அதான் சொன்னேன்."

"நீங்கள் சொன்னது வேறு. மூன்று தடவை சொல்லுங்கள், நாக்கில் பதியும்."

பின்னால் வரிசை நின்றது. அவளுடைய புது மருமகளும் நின்றாள். பிரம்மசக்தி மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பார்த்தீர்களா, உங்களாலும் முடிகிறது" என்று பாராட்டினார் வாத்தியார்.

மத்தியானம் இலை போட்டார்கள். வாத்தியார் வாசலில் நின்று, தேய்த்து மடித்த வேட்டி மாதிரி ஒவ்வொரு பெயராக எடுத்து விரித்தார். கோயம்புத்தூர். கோயமுத்தூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். திருவண்ணாமலை. தேவகோட்டை. எல்லோரும் போனார்கள். பசி.

"திருநெல்வேலி!"

புளியமரத்தடியில் முப்பது பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாத்தியார் நேரே மரத்தடிக்குப் போனார்.

"காது கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு சார்வாள். மூணு தடவையும் கேட்டுச்சு" என்றாள் பிரம்மசக்தி.

"பிறகென்ன?"

"எப்பவும் இங்க தின்னவேலியத்தான் கூப்பிடுவாவ. இன்னைக்கு நீங்க வேற யாரையோ கூப்பிடுதிய. அவிய வந்து சாப்பிடட்டும்."

"அதுதான் அம்மா சரியான பெயர். போர்டில் போட்டிருக்கிறது."

"அப்போ போர்டுக்கு ஒரு இலை போடுங்க."

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காலையில் சிரித்த வரிசை உள்ளே இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சோறு விழுந்தாகிவிட்டது, கை வைக்க முடியாது.

"ஏனுங்க வாத்தியாரே, சாம்பார் ஆறுதுங்க. எப்படியோ ஒண்ணு கூப்பிட்டுத் தொலைங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை.

பசித்தவர்கள் முன்னால் உச்சரிப்பு எடுபடாது என்பது வீட்டில் சமைக்கிற எவளுக்கும் தெரியும். வாத்தியார் சமைத்ததில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அம்மையிடம் விடுவிடென்று போனார்.

"அம்மா, அவர்களுக்குப் புரிகிறது. புரிந்தும் வரமாட்டேன் என்கிறார்கள். இது திமிர்."

"ஆமா, திமிர்தான்" என்றாள் அம்மை.

கரண்டியை வைத்துவிட்டு, வெயிலில் நடந்துபோய், பிரம்மசக்திக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியார் பின்னாலேயே ஓடினார். "நீங்கள் அந்த ஊரே இல்லையே!"

"இன்னைக்கு அந்த ஊர்தான்."

"சரியாகச் சொன்னது ஒரு குற்றமா?"

பிரம்மசக்தி கொஞ்சம் நகர்ந்து அம்மைக்கு நிழல் கொடுத்தாள்.

வாத்தியார் நின்றார். உள்ளே ஏதோ ஒரு குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. அவர் வாசலுக்குத் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தின்னவேலி!"

முப்பது பேரும் எழுந்தார்கள், கூடவே அம்மையும். கால் கழுவி உள்ளே போகும்போது பிரம்மசக்தி அவர் முன்னால் நின்றாள்.

"பாத்தியளா சார்வாள், உங்களாலயும் முடியுது."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாத்தியாரும் கடைசி இலையில் போய் உட்கார்ந்தார். யாரும் சாப்பிடவில்லை. அம்மை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு ஊர் பாக்கி" என்றாள்.

"எல்லாம் கூப்பிட்டாயிற்றே."

"உங்க ஊர்?"

"நான் ஒருவன்தான் அம்மா. வந்து உட்கார்ந்துவிட்டேன்."

"கூப்பிடாம உட்கார்றது இங்க வழக்கம் இல்ல."

வாத்தியார் எழுந்து வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"மன்னார்குடி."

அம்மை நகரவில்லை. பந்தியும் நகரவில்லை.

"அம்மா" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. "வீட்டில் மன்னாருடி என்றுதான் சொல்வோம். பதினெட்டு வயதில் மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போய் அப்படிச் சொன்னேன். அறையே சிரித்தது. மூன்று வருஷம் எனக்கு அதுதான் பட்டப்பெயர். பெஞ்சில் எழுதினார்கள், கக்கூஸ் சுவரில் எழுதினார்கள். அதற்குப் பிறகு என் அம்மாவிடம் பேசும்போதுகூட நான் அப்படிச் சொன்னதில்லை."

பிரம்மசக்தி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மை தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"சிரிச்சவங்க அன்னைக்கே சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயாச்சு. நாற்பத்து நாலு வருஷமா நீங்கதான் வெளியில நிக்கிறீங்க. கூப்பிடுங்க வாத்தியாரே, சோறு ஆறுது."