உள்ளேயே இருந்த பழைய டிஸ்க்

காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் லேப்டாப் ரிப்பேர் கடைகள்தான். அதில் ஒன்று ரெஜினாவுடையது. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் சடகோபன். குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்குத் தலை முழுக்க நரை. என்ன செய்வது, அமைந்தது அப்படி.

சடகோபன் ஒரு மில்லில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று பை பையாகச் சோதித்தே பழகிய கண். யார் வந்தாலும் அது முகத்தைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும்.

ஒரு மதியம் அவர் கேட்டார்.

"மேடம், ஏமாத்துறவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யாருங்க ஏமாத்துனது?"

"கவின்ராஜ்தான். வேற யாரு?"

கவின்ராஜ் அந்தச் சந்துக்கு உதிரிப்பாகங்கள் கொண்டுவந்து கொடுப்பவன். பொங்கலுக்கு அப்புறம்தான் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்திருந்தான். கடை கிடையாது, கோடவுன் கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, அவ்வளவுதான் அவன் வியாபாரம்.

"என்ன பண்ணுனாரு?"

சடகோபன் மேசை மேல் இருந்த லேப்டாப்பைக் காட்டினார். "ரொம்ப மெதுவா இருக்குன்னு கஸ்டமர் குடுத்தது. எஸ்எஸ்டின்னு வேகமா ஓடற புது டிஸ்க்கு ஒண்ணு இவன்கிட்ட வாங்கிப் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில இருந்த எல்லாத்தையும் அப்படியே அதுல காப்பி பண்ணுனேன். ஒரு மாத்தமும் இல்ல மேடம். ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சுட்டே வந்துரலாம். டூப்ளிகேட் சரக்கு."

"டூப்ளிகேட்டுன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்டிக்கர் கோணலா இருக்கு. பெட்டி பிரிச்சு ஒட்டுன மாதிரி இருக்கு. குடுக்கும்போது சிரிச்சான்."

"அவரு எப்பவும் சிரிக்கிறவருதானுங்களே?"

"அதுதான் மேடம் எனக்கு முதல்ல இருந்தே இடிக்குது."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நல்லா இருக்கே! திருடன்கிட்டப் போய் நீ திருடனான்னா கேப்பாங்க? காலையிலயே குரூப்ல போட்டுட்டேன்."

ரெஜினா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அந்தச் சந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. போலிச் சரக்கு விற்றவன் என்று ஒருவன் பெயரை அதில் எழுதிவிட்டால் போதும், அப்புறம் எந்தக் கடையும் அவனைப் படியேற விடாது. விசாரணை, சாட்சி எதுவும் கிடையாது. அந்தச் சந்தின் சட்டம் அது. அதற்குப் பிறகு அங்கே பிழைத்தவன் இல்லை.

சடகோபனின் போன் ஒலித்தது. அவர் பெருமையாகப் படித்தார்.

"பாருங்க, எதிர்க்கடை தண்டபாணி 'எனக்கும் அவன் மேல டவுட்டுதான்'ங்கறாரு. மூலைக்கடைக்காரரு வாங்குனதை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டாராம்."

"மூலைக்கடைக்காரரு வாங்குனதுல என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் வரல. இனிமே வருமில்ல?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள். திருகாணிகளைக் கழற்றி அடி மூடியைத் திறந்தாள்.

புது எஸ்எஸ்டி, விரல் அகலத்தில், தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதன் இடத்திலேயே இருந்தது.

ரெஜினா பழைய டிஸ்க்கை மட்டும் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அவள் மூடியை மாட்டி, லேப்டாப்பை நிமிர்த்தி, ஆன் செய்தாள்.

எப்படியும் நேரமாகும் என்று சடகோபன் மற்றொரு கையால் டீ கிளாஸை எடுத்தார். அது வாய்க்குப் போவதற்குள் திரையில் கஸ்டமர் வீட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டு வந்து நின்றது.

"அட!"

அவர் கிளாஸை வைத்துவிட்டு லேப்டாப்பை அணைத்தார். திரும்ப ஆன் செய்தார். குழந்தை அதே வேகத்தில் வந்தது. அவர் ரெஜினாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்க வேற எஸ்எஸ்டி ஏதும் மாத்திப் போட்டீங்களா?"

"என் கையவேதானுங்க சார் பாத்துட்டு இருந்தீங்க?"

அவர் அசடு வழிந்தார். "அப்ப இவ்வளவு நேரம் எதுல ஓடுச்சு?"

"பழசுலதான். ரெண்டுலயும் ஒரே ஃபைலு, ஒரே படம். பாத்தா வித்தியாசம் தெரியாது. பழசு உள்ள இருக்கிற வரைக்கும் இந்த மிஷினு முதல்ல அதைத்தான் தேடிப் போகும். அதை யாருங்க உள்ளயே விட்டது?"

"நான்தான்." சடகோபனின் குரல் இறங்கியது. "புதுசை எப்படி நம்பறது? எதுக்கும் பழசும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."



வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கவின்ராஜ் உள்ளே வந்தான். சடகோபன் வழக்கம்போலப் பையைத்தான் முதலில் பார்த்தார். பை புடைத்திருந்தது. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்த பெட்டிகள் மேலே பிதுங்கிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை.

கவின்ராஜ் ஒரு புதுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதைப் போட்டுக்கங்க சார். அது ஆகலைன்னா தூக்கிப் போட்டுருங்க. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. காலையில இருந்து ஒரு கடையிலயும் படியேத்த மாட்டேங்கறாங்க. நாளைக்கு நான் எங்க போய் நிப்பேன்?"

சடகோபனுக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடது தம்பி. உன் சரக்கு நல்ல சரக்குதான். இப்பவே குரூப்ல போட்டுடறேன்." போனை எடுத்தவர் ரெஜினாவைப் பார்த்தார். "போட்டுட்டா சரியாயிருமில்ல மேடம்?"

"புதுசைப் போட்டா போதுமாங்க சார்?"

சடகோபன் குனிந்து பார்த்தார். பழைய டிஸ்க் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க கிளப்புன சந்தேகம் எந்தெந்தக் கடையில உள்ள போயிருக்கோ, அங்கங்க நேர்ல போய்க் கழட்டுங்க."

சடகோபன் டிஸ்க்கை மேசையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைப் படியேறினார். விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார்.

தண்டபாணி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், கவின்ராஜ் உங்களையும் சரிக்கட்டிட்டானா?"