இரண்டாவதாக வந்த ஜீப்

சின்னராசுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு வயர்லெஸ் கற்றுக்கொடுத்த எஸ்தருக்கு முப்பது. வனத்துறை ஜீப் ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். வயர்லெஸ் விஷயத்தில் எஸ்தர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கேள்வி மட்டும் உண்டு.

அன்று காலை தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்தில் ஒரு யானைக்குட்டி விழுந்துவிட்டது. நான்கு பேர் உள்ளே இறங்கி, குட்டி ஏறிவர மண்ணை வெட்டிச் சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சின்னராசுவின் மாப்பிள்ளை தமிழரசு. பள்ளத்துக்குள் நின்றால் தாய் யானை எங்கே வருகிறது என்று தெரியாது. எதிர்ச்சரிவில் காவல் நின்ற மாதனுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வாக்கிடாக்கி இருந்தது. நடுவில் குன்றும் இருந்தது.

குன்றின் மேல் நஞ்சனின் ஜீப் நின்றது. மாதன் பேசுவதை அதிலிருந்த ரிப்பீட்டர் வாங்கி, பலமாக்கி, பள்ளத்துக்கு அனுப்பும். பள்ளத்தின் பதிலையும் அப்படியே மாதனிடம் சேர்க்கும்.

பத்து நிமிடம் கழித்து சின்னராசுவும் எஸ்தரும் போய், கொஞ்சம் மேலே வண்டியை நிறுத்தினார்கள். ரிப்பீட்டரைப் போட்டதும் பச்சை விளக்கு எரியவில்லை. மஞ்சள் எரிந்தது.

“ரிப்பேருங்களா?”

“இல்லண்ணே. நஞ்சன் வண்டி முதல்ல வந்துடுச்சு. அது வேலை செய்யுற வரைக்கும் நம்மது பேசாம நிக்கும்.”

“என்ற மாப்பிள்ளை பள்ளத்துல நிக்கறாருங்க. என்ற வண்டி செட்டு புதுசுங்க. அது வாயை மூடிட்டு நிக்கோணுமா?”

எஸ்தர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சின்னராசுவுக்குப் பொறுக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், செட்டைக் கட்டாயமாகப் பேசவைக்கும் பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது. மனசு குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மாதன் ஏதோ சொல்ல, இரண்டு ஜீப்பும் அதை ஒன்றாக வாங்கி ஒன்றாக அனுப்பின. கிறீச் என்ற சத்தம்தான் மிச்சம்.

“யாரது? ஒண்ணும் புரியல.” தமிழரசுவின் குரல் கிழிந்து கிழிந்து வந்தது.

எஸ்தர் ஓடிவந்து பொத்தானை விடுவித்தாள். மறுபடி மஞ்சள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னராசுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“மாதண்ணா, திரும்பச் சொல்லுங்க,” என்றாள் வயர்லெஸ்ஸில்.

“தாய் ரோட்டுக்கு ஏறிடுச்சு. நஞ்சன் வண்டிப் பக்கம்தான் வருது.”

நஞ்சன் காத்திருக்கவில்லை. வண்டியை வேகமாகப் பின்னால் எடுத்து, வளைவுக்கு அப்பால் போய்விட்டான். யானை ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்தை நோக்கித் திரும்பியது.

“தாய் வருது. எல்லாரும் மேல ஏறுங்க,” என்றான் மாதன்.

பள்ளத்திலிருந்து பதில் இல்லை. சின்னராசுவின் கை பொத்தானுக்குப் போனது. எஸ்தர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாதீங்கண்ணே.”

“மாப்பிள்ளைங்க...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் தானாகப் பச்சையானது.

“மேல ஏறுங்க. தாய் வருது,” என்றான் மாதன் இன்னொரு முறை.

“கேட்டுச்சு. ஏறுறோம்.”

நான்கு பேரும் உடம்பெல்லாம் சேறாக மறுபக்கம் ஏறி ஓடினார்கள். வந்து நின்ற தாய் தும்பிக்கையைக் கீழே விட்டது. வெட்டிய சரிவில் குட்டி ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. மேலே வந்ததும் முதல் வேலையாகப் பால் குடித்தது.

“மாமா, ரெண்டும் காட்டுக்குள்ள போயாச்சு.” இந்தமுறை குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக இருந்தது.

சின்னராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, நஞ்சன் போயிட்டது இதுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? நாம யாரும் சொல்லலீங்களே.”

“வந்ததுலேர்ந்து அது அவன் வண்டியைத்தான் கேட்டுட்டே இருந்துச்சு.”

“நானும் இது பக்கத்துலயேதானுங்க இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே.”

எஸ்தர் சிரித்தாள்.

“நீங்க பேசிட்டு இருந்தீங்கண்ணே.”